கால்பந்து நடுவரின் வேலை என்ன?

(பிளாக்குகளுக்கு இடையேயான சிறுவர் கால்பந்துப் போட்டிக்கு முன்பாக, சமுதாயக் கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நடுவரின் கடமைகளைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். ஏன் கேட்டார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருட இறுதி ஆட்டம், ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹேண்ட்பால் கொடுக்கவில்லை என்று நம்மில் ஏழெட்டுப் பேர் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். விசில் ஊதியது கல்லூரி முதல் வருடம் படிக்கும் பையன். சுற்றி நின்று கத்தியவர்கள் எல்லாம் அவனுக்கு அங்கிள், ஆன்ட்டி. அன்று சாயங்காலமே விசிலைக் கொண்டுவந்து செக்யூரிட்டி அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்த வருடம் எட்டு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. நடுவராக இருக்க ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மாவட்ட அளவில் பன்னிரண்டு வருடம் விசில் ஊதியவன் நான். அன்று மைதானத்தின் மறு மூலையில் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். அதனால் எனக்கும் பங்கு உண்டு.

நடுவர் என்றால் ஃபவுலுக்கு விசில் ஊதுபவர், கோபம் வந்தால் அட்டை காட்டுபவர் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது. கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அதில் ஐந்தாவது விதி முழுக்க நடுவரைப் பற்றியது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், மைதானத்தைச் சோதிக்க அவர் உள்ளே கால் வைக்கும் நேரத்திலிருந்தே நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுகிறது. ஏன் அவ்வளவு முன்கூட்டியே? முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

நம் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோல்போஸ்ட்டும் இரும்பு, நகர்த்தி வைக்கக்கூடியவை. கிரிக்கெட் ஆடும் நாட்களில் ஓரமாக இழுத்துவிடுகிறோம். கோல்போஸ்ட் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முதல் விதியிலேயே இருக்கிறது. நகர்த்தும் போஸ்ட்டுக்கும் அதே விதிதான். சிறுவன் ஒருவன் குறுக்குக் கம்பியில் தொங்குவான், முழு போஸ்ட்டும் முன்னால் சாயும். இப்படிக் குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள். நான் எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் போஸ்ட்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்ப்பேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பின்பக்கக் கம்பியில் மணல் மூட்டை வைக்கும்படி பராமரிப்புக் குழுவிடம் இந்த வாரம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது பிள்ளைகள் போட்டிருப்பது. கம்மல், செயின், கையில் கயிறு, காப்பு, எதுவும் கூடாது. டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. போன வருடம் ஒரு அம்மா "கோயில் கயிறு சார், கழற்ற மாட்டான்" என்றார்கள். எனக்கும் சங்கடம்தான். ஆனால் இன்னொரு பிள்ளையின் விரல் அதில் மாட்டி முறியலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குக் கழற்றி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. ஷின் கார்டு கட்டாயம். அது இல்லாத பிள்ளையை நடுவர் உள்ளே விடமாட்டார். அப்போது அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் பள்ளிகளுக்கிடையேயான ஒரு ஆட்டம். இரண்டு பையன்கள் தலையால் முட்டப்போய் மோதிக்கொண்டார்கள். ஒருவன் விழுந்து எழுந்தான். நான் போய், "என்னடா, ஆடுவியா?" என்று கேட்டேன். "ஆடுவேன் சார்" என்றான். சரி என்று விட்டேன். நாலைந்து நிமிடம் கழித்து அவனே என் பக்கத்தில் வந்து, "சார், நாங்க எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்?" என்று கேட்டான். எனக்குக் கை கால் ஓடவில்லை. உடனே நிறுத்தி வெளியே அனுப்பினேன். வெளியே போனதும் வாந்தி எடுத்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாலைந்து நிமிடத்தில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அடிபட்ட பிள்ளையிடம் "ஆடுவியா?" என்று கேட்கவே கூடாது. எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. அந்த முடிவை நடுவர்தான் எடுக்க வேண்டும். பலத்த அடி என்று அவருக்குத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், லேசான அடி என்றால் பந்து வெளியே போகும்வரை விடலாம். ரத்தம் வந்தால் ஆட்டக்காரர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். இவையெல்லாம் ஐந்தாவது விதியிலேயே இருக்கின்றன.

இதைச் சரியாகச் செய்த ஒருவரை உலகமே டிவியில் பார்த்தது. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடுகின்றன. முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஒரு த்ரோ-இன் பந்தை வாங்கப் போனவர் அப்படியே முன்னால் விழுந்தார். யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில் ஃபவுல் எதுவும் இல்லை. நடுவர் ஆண்டனி டெய்லர், இங்கிலாந்துக்காரர். சில நொடிக்குள் விசில் ஊதி மருத்துவக் குழுவை உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார். எரிக்சனின் இதயம் நின்றுபோயிருந்தது. மைதானத்திலேயே மீட்டார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் அவர் மறுபடி கால்பந்து ஆட வந்துவிட்டார். காப்பாற்றியது மருத்துவர்கள், ஓடிவந்த சக ஆட்டக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சில நொடிகள் நடுவர் கொடுத்தவை.

இதே டெய்லர் 2023 மே மாதம் புடாபெஸ்டில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக இருந்தார். செவில்லா பெனால்டியில் ஜெயித்தது, ரோமா தோற்றது. ரோமாவின் பயிற்சியாளர் மொரீன்யோ கார் நிறுத்துமிடத்தில் அவரைத் திட்டினார். அதற்காக அவருக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தார்கள். மறுநாள் டெய்லர் குடும்பத்தோடு விமானநிலையம் போனபோது ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள், நாற்காலி பறந்தது, காவலர்கள் அணைத்துக் கூட்டிப்போனார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற உதவிய அதே மனிதர். ஒரு பெனால்டி கொடுக்கவில்லை என்பதுதான் கோபம்.

"அதெல்லாம் வெளிநாட்டு வெறியர்கள் சார், நாம் சும்மா குரல்தானே கொடுத்தோம்" என்று இங்கே யாராவது நினைக்கலாம். நெதர்லாந்தில் அல்மேரெ என்று ஒரு ஊர். 2012 டிசம்பரில் அங்கே ஒரு சிறுவர் ஆட்டம். மகன் ஆடுகிறான் என்று கொடி பிடிக்கப் போன அப்பா ஒருவரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். சம்பளம் வாங்காமல், நம் குடியிருப்பில் நடப்பதுபோலவே உதவிக்கு வந்தவர் அவர். அடித்தவர்களில் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். பிள்ளைகள் நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொன்னேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஹேண்ட்பாலுக்கு வருவோம், போன வருடச் சண்டையே அதுதானே. பந்து கையில் பட்டாலே ஹேண்ட்பால் என்பது தெருவில் நாம் ஆடிய விதி. உண்மையான விதி அப்படி இல்லை. வேண்டுமென்றே தொட்டாரா, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கிக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். உடம்போடு ஒட்டிய கையில் பக்கத்திலிருந்து அடித்த பந்து பட்டால் பெரும்பாலும் குற்றம் கிடையாது. அன்று நடந்தது எது? எனக்குத் தெரியாது. நான் மறு மூலையில் நின்றேன் என்று முதலிலேயே சொன்னேன். கோட்டைத் தாண்டி உள்ளே போனவர்கள் நின்றதும் என் பக்கத்தில்தான். அந்தப் பையன் மட்டும்தான் பத்தடி தூரத்தில் இருந்தான்.

நடுவருக்குத் தவறே வராது என்று நான் சொல்லவில்லை. 1986 உலகக் கோப்பை, மெக்சிகோ. மரடோனா கையால் தட்டி இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட கோல் எல்லோருக்கும் தெரியும். நடுவர் துனீசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர். அவருக்குக் கை தெரியவில்லை, துணை நடுவரைப் பார்த்தார், அவரும் கொடி தூக்கவில்லை, கோல் என்றார். அது தவறு. ஆனால் நாலு நிமிடம் கழித்து மரடோனா பாதி மைதானத்தை ஓடிக் கடந்து இன்னொரு கோல் போட்டார், இந்த நூற்றாண்டின் கோல் என்பார்களே, அது. அந்த ஓட்டத்தில் அவரைத் தடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. எந்த நேரமும் ஃபவுல் கொடுக்கத் தயாராக இருந்ததாகவும், ஆனாலும் "அட்வான்டேஜ்" என்று குரல் கொடுத்து ஆட்டத்தை ஓட விட்டதாகவும் பின் நாசர் பிறகு சொல்லியிருக்கிறார். அவர் விசில் ஊதியிருந்தால் அந்தக் கோல் இல்லை. ஒரே ஆளின் ஒரே ஆட்டம், நாலு நிமிட இடைவெளி. 2015-ல் மரடோனா துனீசியாவில் அவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்திட்ட சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த அட்வான்டேஜ் விஷயம் பெற்றோருக்குப் புரிந்துவிட்டால் பாதிச் சத்தம் குறைந்துவிடும். ஃபவுல் நடந்தும் நடுவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஓடிக்கொண்டே இருந்தால், அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நிறுத்தினால் உங்கள் பிள்ளையின் அணிக்குத்தான் நஷ்டம் என்று விட்டிருக்கிறார். சில நொடியில் அந்தப் பலன் கிடைக்காவிட்டால் திரும்ப ஃபவுலையே கொடுப்பார். அட்டை காட்ட வேண்டியதாக இருந்தால், பந்து நின்றதும் வந்து காட்டுவார்.

இன்னொன்று. கொடுத்த முடிவு தவறு என்று நடுவருக்கே தோன்றினால் மாற்றலாம், ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்ற வேண்டும். தொடங்கிவிட்டால் முடிந்தது. அதனால் ஐந்து நிமிடம் கழித்துப் போய் வாதாடுவதில் எந்தப் பயனும் இல்லை. நம்மிடம் வீடியோ உதவி இல்லை. மாடி பால்கனியிலிருந்து போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினால் நடுவர் அதைப் பார்க்கவும் கூடாது.

மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1966-ல் இங்கிலாந்து, அர்ஜென்டினா ஆட்டத்தில் ஜெர்மன் நடுவர் யாரை எச்சரித்தார், யாரை வெளியேற்றினார் என்று மொழி புரியாமல் பெரிய குழப்பம். அர்ஜென்டினா கேப்டன் வெளியே போக மறுத்து நின்றார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற நடுவர் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்ததுதான் இந்த அட்டைகள். 1970 உலகக் கோப்பையில் வந்தன. 2019-லிருந்து பயிற்சியாளர்களுக்கும் காட்டலாம். பெற்றோருக்குக் காட்ட அட்டை கிடையாது. ஆனால் வெளியாட்கள் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தவோ கைவிடவோ நடுவருக்கு அதிகாரம் உண்டு. இந்த வருடம் அதைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறோம். யாராவது கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும், அவர் சுவர் வரைக்கும் திரும்பிப் போன பிறகுதான் தொடங்கும். இடி கேட்டாலும் நிற்கும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் எல்லோரும் இந்தக் கூடத்துக்குள் இருக்க வேண்டும். "தூறல்தானே சார்" என்று கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பிடித்த முதல் பெண். கால்பந்து ஆடத் தொடங்கி நடுவரானவர். பதிமூன்று வயதுக்குட்பட்ட அணியில் ஆடும் நம் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் ஏற்கெனவே ஆஃப்சைடு விதியைக் கேட்டுவிட்டார்கள், அவர்கள் அப்பாக்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

போன வருடம் விசில் ஊதிய தம்பி வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். அவன் அம்மா காபி கொடுத்தார்கள், அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. கிளம்பும்போது, "அங்கிள், விசில் வேண்டாம். யாராவது விசில் எடுத்தா நான் கொடி பிடிக்கிறேன்" என்றான். இரண்டு கொடி வாங்கிவிட்டேன்.

இன்னும் நாலு பேர் வேண்டும். ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முப்பது நிமிடம் ஓட முடிந்தால் போதும். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மைதானத்தில் இருப்பேன், விதிகளை அங்கேயே ஆடிக் காட்டிச் சொல்லித்தருகிறேன். நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருக்கிறது, பிளாக், வீட்டு எண்ணோடு எழுதுங்கள். போன வருடம் உள்ளே ஓடிவந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் எழுதினால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.