புல்லட்டும் பாயின்ட்டும்

பழைய பைக்கை வாங்கிச் செப்பனிடுவது காசுக்குப் பிடித்த கேடு என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். பாயின்ட், அதாவது தீப்பொறிக்கான மின்தொடுமுனை, திறந்துவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இம்மியளவு நகர்த்தி, லீவரை விட்டு ஒரே உதை! அந்தப் பாயின்ட்டின் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். பாயின்ட் தேய்ந்து வண்டி மக்கர் பண்ணினால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் போதும், வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. காசு கொடுத்தவர் அப்போதுதான் முழுதாக அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிறார்.

புகை கூடுதல்தானே என்றால், ஆமாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை விதிப்படியான வண்டிகளோடு இது போட்டிபோட முடியாது. தினமும் ஆபீஸ் போக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லமாட்டேன். எப்போதாவது ஓடும் வண்டியின் கணக்கு வேறு. 2021-இல் வந்த மத்திய அரசு விதியும் அப்படித்தான் பார்க்கிறது: 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. வண்டி மூல வடிவத்திலேயே இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. ஆகவே, பளபளப்புக்கு ஆசைப்பட்டு கண்டதையும் மாற்றுகிறவர்கள் ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வைக்கலாம்.