கொடியிறக்கமும் விழாவின் பகுதியே
(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் தொடங்குவதைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நூலகம் தொடங்குவோம், ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புத் தொடங்குவோம் என்றால் அவை கை தட்டும். நிறுத்துவதைப் பற்றிப் பேசினாலோ அமங்கலம் என்று தோன்றும். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. பலர் கூடிச் சமூக ஊடகத்தில் தொடங்கிய ஒரு பணியை எப்போது முடிப்பது, எவ்வாறு முடிப்பது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

நம் மரபு முடிவுக்கு அஞ்சிய மரபன்று. கோயில் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்குகிறது, கொடியிறக்கத்தோடு நிறைவுறுகிறது. மங்களம் பாடாமல் வித்துவான் மேடையை விட்டு எழுவதில்லை. நவராத்திரி நிறைவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, பின்னர் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம். அடுத்த புரட்டாசி வரை படியிலேயே விட்டுவைத்தால் அதனைக் கொலு என்று எவரும் சொல்லார்.

இனி நம் குடியிருப்பின் முகநூல் குழுவுக்கு வருவோம். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, ஊர் திரும்ப வழியின்றி நின்ற தொழிலாளர்களுக்காகவும், விடுதி மூடப்பெற்ற மாணவர்களுக்காகவும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்திருந்த முதியோர்களுக்காகவும் அது தொடங்கப்பெற்றது. யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, மே முதல் நாள் தொடங்கிய தொழிலாளர் சிறப்பு ரயில்களில் இடம் பெறுவது எவ்வாறு என்பனவெல்லாம் அங்கே கேட்கப்பெற்றன, விடையும் கிடைத்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பிராணவாயு உருளைக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அத்தொண்டு நம் சங்க வரலாற்றில் என்றும் நிற்கும்.

இன்று அக்குழுவில் என்ன இருக்கிறது? காலை வணக்கப் படங்கள், எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்புகள், கடன் தருவதாகக் கூறும் விளம்பரங்கள். உதவிக்கென்று அன்று தரப்பெற்ற தொலைபேசி எண்கள் சில வேறு எவரிடமோ போய்விட்டன. புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் நள்ளிரவில் அவசரம் என்று அந்த எண்ணை அழைத்தால், விடை சொல்வார் யார்? இதனினும் நெஞ்சை உறுத்துவது வேறொன்று உண்டு. மருத்துவமனைப் படுக்கை வேண்டி அன்று எழுதப்பெற்ற பெயர்களுக்கு உரியவர்கள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அப்பெயரின் கீழே கடன் விளம்பரம் ஒன்று தொங்குவதை அவர்தம் மகளோ மகனோ காண நேர்ந்தால் எப்படி இருக்கும்?

பயன் முடிந்ததை முடித்துவிடுவது நன்றி மறந்த செயலாகாதா என்று சிலர் கேட்கலாம். 1948 ஜனவரி 29ஆம் நாள், தாம் மறைவதற்கு முதல் நாள், காந்தியடிகள் காங்கிரசைப் பற்றி ஒரு வரைவு எழுதினார். அரசியல் விடுதலை கிடைத்துவிட்டமையால் அந்த இயக்கத்தின் அன்றைய வடிவம் தன் பயனை நிறைவேற்றிவிட்டது; அதனைக் கலைத்துவிட்டு, சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யும் லோக் சேவக் சங்கமாக மலரச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அது ஏற்கப்படவில்லை. ஏற்காதது சரியா, தவறா என்னும் வாதம் இம்மேடைக்கு உரியதன்று. தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்து வளர்த்த ஒன்றையும், அதன் நோக்கத்தைக் கொண்டே அளந்து பார்த்தார் என்பதே நாம் கருதற்பாலது. நன்றியுடைமைக்கும் நிறைவு செய்வதற்கும் பகையில்லை.

முடிக்கும் முறையிலும் மேன்மை தாழ்வு உண்டு. 2004ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டு இளைஞர்கள் பெரிதும் விரும்பிய ஆர்க்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பெற்றது. மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வந்தது. தத்தம் படங்களையும் எழுத்துகளையும் எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை வழி வைத்தனர். யாஹூ குழுமங்களின் கதை வேறு. ராயர் காப்பி கிளப், மரத்தடி எனத் தமிழன்பர்கள் கூடிப் பேசிய திண்ணைகள் அங்கே இருந்தன. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சேர்த்து வைத்தவை டிசம்பர் 14 முதல் அழிக்கப்படும் என்றனர். இரண்டு மாதம்கூடத் தவணை இல்லை. எதிர்ப்பு எழுந்தபின், படி எடுத்துக்கொள்ள 2020 ஜனவரி இறுதிவரை நாள் நீட்டினர். ஆண்டுக்கணக்கில் எழுதியவற்றை அள்ளிக்கொள்ள உலகெங்கும் பலர் ஓடினர். முடிவு வந்ததைவிட, அது வந்த விதமே அவர்களைப் புண்படுத்தியது.

எனினும் சோர்வு வந்தபோதெல்லாம் கடையைக் கட்டுவது அறிவுடைமை ஆகாது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்து வருகிறது. அதன் தேவை தீரவில்லை; ஆகவே பணியும் தொடர்கிறது. விருப்பக்குறிகள் குறைந்தன என்பதும், இரண்டு திங்கள் எவரும் எழுதவில்லை என்பதும் முடிவுக்குரிய காரணங்கள் அல்ல.

பின் எவை காரணங்கள்? தொடங்கிய நோக்கம் நிறைவேறியிருக்க வேண்டும். அல்லது அந்நோக்கத்தை வேறோரிடம் நம்மினும் நன்றாக நிறைவேற்ற வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடினும், பணி முழுதும் ஒருவர் தோளில் விழுந்து, அவரும் கூச்சத்தின் பொருட்டே அதனைச் சுமந்து, தோள் மாற்ற எவரும் முன்வராத நிலை வந்துவிட்டால், அப்போதும் நிறுத்துவதே நேர்மை. காவலாள் இல்லாத வீட்டைத் திறந்து வைப்பதைவிடப் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைப்பது நன்று. இக்கேள்விகளை ஆண்டுக்கு ஒருமுறை, கணக்குப் படிக்கும் பொதுக்குழுவிலேயே கேட்டுக்கொண்டால் மனக்கசப்புக்கு இடமிராது.

ஆகவே நம் குழுவைப் பற்றி ஒன்று முன்மொழிகின்றோம். வரும் தைப் பொங்கலை நிறைவு நாளாகக் குறித்து, இன்றே எல்லோருக்கும் அறிவிப்போம். அதற்குள் அவரவர் படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளட்டும். பழைய தொலைபேசி எண்களை உடனே நீக்குவோம். ஊரடங்கு நாள்களில் எழுதப்பெற்றவற்றுள், உரியவர் இசைவு தந்தவற்றை அச்சிட்டுக் கட்டடம் செய்து சங்க நூலகத்தில் வைப்போம். பத்து ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் அதனைப் புரட்டினால், தமிழ்நாட்டுக்கு வெகுதொலைவில் வாழ்ந்த சில குடும்பங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கினர் என்பதை அறிவார்கள். அவசர உதவிக்கு இனி யாரை அழைப்பது என்பதைச் சங்க அலுவலகப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். இறுதியாக, அக்குழுவைப் பேணிய தொண்டர்களை இம்மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம்.

அவர்கள் கைகள் ஓய்வு பெற்றால், அடுத்த பணிக்கு அவையே முதலில் நீளும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் ஆசிரியர் போதவில்லை. முதியோர்க்கு மருத்துவமனைத் துணை வேண்டியிருக்கிறது. அவ்வழியில் செல்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!