ஓசையின்றிக் குறையும் பார்வை

ஊரில் எங்கள் பெரியப்பா, தாம் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். அருகில் வைத்த செம்பைத் தட்டிவிடுவார். ஆயினும் எதிரே நிற்பவரை நன்றாக அடையாளம் காண்பார். ஆகவே கண்ணிலே குறை என்று நாங்கள் எண்ணினோமில்லை. பின்னர் எண்ணியபோதும் புரை என்றே கொண்டு, முற்றட்டும், அறுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தோம். அது கிளாகோமா என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீரொன்று இடையறாது ஊறுகிறது. இது கண்ணீர் அன்று. சல்லடை போன்ற நுண்வழியே அது வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து, பின்புறத்துப் பார்வை நரம்பைத் தாக்கும். ஏறத்தாழ 10 இலட்சம் இழைகள் கொண்ட அந்நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பெரும்பாலும் ஓரப்பார்வையே முதலிற் கெடும். ஒரு கண்ணின் இழப்பை மற்றது ஈடுசெய்வதால் உரியவரே உணர்வதில்லை. பட்ட இழை மீண்டும் தளிர்ப்பதுமில்லை.

இதனைக் 'கண்ணழுத்த நோய்' என்கிறார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்சொல்லில் முழுநிறைவில்லை. இரத்த அழுத்தத்தோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. மேலும், பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பான அழுத்தம் என்பர். அந்த அளவிலேயே நரம்பு கெடுவதும் உண்டு. ஆகவே அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் ஓரப்பார்வையையும் சோதித்தல் வேண்டும்.

சிலருக்கு மட்டும் வடிகால் திடீரென அடைபட்டு, கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் காணும். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். அவர்கள் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருப்பின் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் விடுமுறையில் ஊர் செல்லும் நாம் நிலத்தகராறு கேட்கிறோம், திருமணப் பேச்சுக் கேட்கிறோம். யார் கண் எதனால் மங்கிற்று என்று கேட்பதில்லை. தில்லிப் புழுதியில் கண் அரித்தால், கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் இட்டுக்கொள்கிறோம். அதனாலும் கண்ணழுத்தம் ஏறும்.

பெரியப்பாவின் நோய் தெரிந்தபின் எங்கள் தந்தையாரையும் சோதிக்கச் செய்தோம். அவருக்கும் நோய் தொடங்கியிருந்தது. நாள்தோறும் இடுவதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் இட்டும் பார்வை தெளியவில்லையே என்று நிறுத்தப் பார்த்தார். இருக்கும் பார்வையைக் காப்பதே இம்மருந்தின் வேலை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இப்போது தில்லிக்கு ரயிலேறினால், மருந்துப் புட்டியைப் பெட்டியில் வைக்க விடமாட்டார். சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்.