போதையை வெல்வது சட்டமா, கல்வியா?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறந்துவரும் இச்சங்கத்தின் விழாவில், போதையை ஒழிக்க வல்லது சட்டமா, கல்வியா என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன்.

நம் மாநில மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. ஆயினும் 2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மாண்டவருள் கூலி உழைப்பாளிகள் பலர், நம்மவரும் பலர். சட்டம் ஏட்டில் இருந்தது. நஞ்சு குவளையில் இருந்தது.

கல்வி என்று நான் கூறுவது, சுவரில் அறிவுரை எழுதுவதை அன்று. ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா ஊரை எண்ணிப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி வகுப்புக்குச் சென்ற உழைக்கும் பெண்கள், சாராயக் கடையை மூடிய பெண்களின் கதையைப் பாடநூலிலே படித்தனர். படித்ததோடு நில்லாமல், தம் ஊர்க் கடையையும் மூடச் செய்தனர். அத்தீ மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் சாராயமும், 1995இல் மது முழுவதும் தடை செய்யப்பட்டன. முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது உண்மையே. சட்டம் வரும், போகும். பெற்ற அறிவு போகாது.

சட்டமே வேண்டா என்பது என் கருத்தன்று. விற்பவனுக்குச் சட்டம், சிக்கியவனுக்குச் சிகிச்சை, சிறுவனுக்குக் கல்வி என்பதே என் கருத்து. கஞ்சா புகைத்ததற்கே ஆறு திங்கள் வரை சிறை உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வழக்கறிஞர் வருவார். நம் பிள்ளைக்கு யார் வருவார்? அரசுப் பணிக்குத் தேர்வானாலும், காவல்துறைச் சரிபார்ப்பில் அவ்வழக்கு குறுக்கே நிற்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64அ என்றொரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவன் தானே முன்வந்து, அரசு ஏற்ற நிலையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கு வழக்கினின்று விலக்குப் பெறலாம். இதனை நம் தெருவில் எத்தனை பேர் அறிவர்? அறியாதவனுக்குச் சட்டத்தின் தண்டனை மட்டுமே கிட்டும். அறிந்தவனுக்கே அதன் கருணையும் கிட்டும்.

இளைஞர்களே! பிள்ளை வழிதவறுவதை முதலில் காட்டுவது காவல் நிலையக் குறிப்பேடன்று. பள்ளி வருகைப் பதிவேடே. மூன்று நாள் வாராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் நீங்கள் செல்லுங்கள். சங்கத்தின் மாலை வகுப்பில் தாய்மார்க்கும் இடம் தாருங்கள். படித்தவன் கடமை பட்டம் பெறுவதோடு முடிவதன்று. அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கைதூக்கி விடுவதே அண்ணல் அம்பேத்கருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!