முகக்கவசத்தின் பின்னால் ஒரு காத்திருப்பு

கிரிக்கெட் ஆட்டத்தில் விக்கெட் காப்பாளருக்கு எத்தகைய இடம் உண்டோ, ஏறக்குறைய அத்தகைய இடம் அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டத்தில் பந்து பிடிப்பாளருக்கு உண்டு. துடுப்பாளரின் பின்னால், முகத்தில் கம்பிக் கவசமும் மார்பிலும் கால்களிலும் தடித்த காப்புகளும் அணிந்து, குந்தியிருந்து எழும்புவது அவர் தொழில். அவருடைய அணியைச் சேர்ந்த ஏனைய எட்டுப் பேரும் துடுப்பாளரை நோக்கி நிற்க, முழுக் களத்தையும் தம் கண்முன் கொண்டிருப்பவர் அவர் ஒருவரே. அடுத்த பந்து எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று எறிவாளருக்குக் குறிப்புக் காட்டுபவரும் பெரும்பாலும் அவரே.

இத்துணைப் பொறுப்பு வாய்ந்த இடத்தை, மைனர் லீக் எனப்படும் கீழ்ப்படிப் போட்டிகளில் வகிக்கும் இளைஞர் ஒருவர், மேஜர் லீக் எனப்படும் உச்சநிலையை அடைவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு? கேட்பதற்கு இது விளையாட்டுப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் அந்த இளைஞனுக்கோ, வாழ்நாளின் சிறந்த பத்து ஆண்டுகளை எதன்மேல் வைப்பது என்ற கேள்வி அது.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். மேஜர் லீக்கில் உள்ள கழகங்கள் 30. ஒவ்வொரு கழகமும் பருவகாலத்தின் பெரும்பகுதியில் 26 ஆட்டக்காரரை வைத்திருக்கலாம். அவர்களுட் பிடிப்பாளர் பொதுவாக இருவரே. ஆகவே உச்சியில் உள்ள இடங்கள் ஏறத்தாழ 60. அதன் கீழே, 2021ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின்னர், ஒவ்வொரு கழகத்துக்கும் நான்கு அணிகளாக 120 மைனர் லீக் அணிகள் உள்ளன. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, டிரிப்பிள் ஏ என்பன அந்த நான்கு படிகள். அணிக்கு இருவர் என்று குறைத்து மதித்தாலும், 240 பிடிப்பாளர் அப்படிகளில் நிற்கின்றனர். புளோரிடா, அரிசோனா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களிலுள்ள தொடக்கநிலை அணிகளில் பயில்வோர் இக்கணக்கிற் சேராதவர்.

அந்த 60 இடங்களும் ஆண்டுதோறும் வெறுமையாவன அல்ல. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தில் யாடியர் மொலினா 2004 முதல் 2022 வரை 19 பருவங்கள் விளையாடினார். அக்காலமெல்லாம் அக்கழகத்தின் கீழணிகளில் வளர்ந்த பிடிப்பாளர்க்கு முதன்மை இடம் அடைபட்டேயிருந்தது. பெரிதும் மதிக்கப்பட்ட கார்சன் கெலி என்னும் இளைஞரும், 2018 டிசெம்பரில் அரிசோனாக் கழகத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே முதன்மைப் பிடிப்பாளராக விளையாடும் வாய்ப்பைப் பெற்றார். திறமை ஒருவருக்கு உரியது. இடமோ பிறர் விட்டுச் செல்லும்போதுதான் கிடைக்கின்றது.

இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஊதியத்தாலும் அளக்கலாம். 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர் தம் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றனர். அதன்படி டிரிப்பிள் ஏ ஆட்டக்காரரின் ஆகக் குறைந்த ஆண்டு ஊதியம் 35,800 டொலர். அதே ஆண்டில் மேஜர் லீக்கின் ஆகக் குறைந்த ஊதியம் 720,000 டொலர். ஒரே ஒரு படி. வேறுபாடோ இருபது மடங்கு.

இனி, அப்படியை ஏறுவதற்கு வேண்டிய திறமைகள் யாவை? பிடிப்பாளர் இருக்கும் இடத்திலிருந்து இரண்டாம் தளம் 127 அடிக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. எதிரணி ஓட்டக்காரர் அத்தளத்தைக் கவர ஓடும்போது, பந்து பிடிப்பாளரின் கையுறையைத் தொட்ட கணத்திலிருந்து இரண்டாம் தளத்தில் நிற்பவரின் கையுறையை அடைவதற்கு ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு மேற் செல்லலாகாது. 1.9 விநாடியில் அதைச் செய்பவர் சிறந்தவராக மதிக்கப்படுவார். இதனோடு, எல்லைக்கோட்டை ஒட்டி வரும் பந்தை நடுவர் நல்ல பந்தெனத் தீர்ப்பளிக்கும் வண்ணம் அசைவின்றி ஏந்திக் கொள்ளும் நுட்பமும் உண்டு. பந்தின் பாதையை அளக்கும் கருவிகள் 2008ஆம் ஆண்டளவில் எல்லா மேஜர் லீக் அரங்குகளிலும் இடம்பெற்ற பின்னர், இந்நுட்பத்தின் பெறுமதி எண்களாற் கணிக்கப்பட்டது. துடுப்பாட்டத்தில் மிகத் தாழ்ந்தவரும் இவ்வொரு திறமையால் உயர்ந்த காலம் அப்போது தோன்றியது.

ஆனால் விதிகள் மாறுவன. 2023இல் தளங்கள் பெரிதாக்கப்பட்டன. ஓட்டக்காரரைத் தடுக்க எறிவாளர் செய்யும் முயற்சிகளும் மட்டுப்படுத்தப்பட்டன. 2022இல் 2,486 ஆக இருந்த தளக் கவர்வுகள் அந்த ஆண்டில் 3,503 ஆகப் பெருகின. வலிய கைக்கு மீண்டும் மதிப்பு ஏறியது. பின்னர், நடுவரின் தீர்ப்பை ஆட்டக்காரர் மறுத்துக் கருவியின் முடிவைக் கோரும் முறையை 2026ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து மேஜர் லீக்கில் கைக்கொள்வதென 2025 செப்டெம்பரில் முடிவு செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்காகப் பழகிய நுட்பம் ஒன்றின் விலையை, ஆட்டக்காரர் களத்திற் செய்த குற்றம் எதுவுமின்றியே, ஒரு விதித் திருத்தம் குறைத்துவிடக் கூடும்.

மேலேறியவர்களின் வரலாறுகள் ஒரே வகையின அல்ல. ஆட்லி ரச்மன் 2019ஆம் ஆண்டுத் தெரிவில் முதலாமவராகப் பெயர் கூறப்பட்டு, 2022 மே மாதத்தில் பால்டிமோர் அணியில் இறங்கினார். மைக் பியாசாவோ 1988இல் 62ஆம் சுற்றில், 1,390ஆம் ஆளாக, குடும்ப நண்பர் ஒருவரின் பரிந்துரையாலே தெரிவு செய்யப்பட்டவர். பிடிப்பாளர் தொழிலைப் பின்னரே கற்றுக்கொண்ட அவர் 2016இல் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். இன்றைய தெரிவு 20 சுற்றுகளோடு முடிவடைகின்றது. அவ்வாறான இளைஞன் பெயர் இன்று அழைக்கப்படவே மாட்டாது.

காத்திருந்து வென்றோரும் உளர். எந்தக் கழகத்தாலும் தெரிவு செய்யப்படாத கிறிஸ் கோஸ்ட், தனியார் போட்டிகளிலும் கீழணிகளிலும் ஆண்டுகள் பல கழித்து, 2006இல் தமது 33ஆம் வயதில் பிலடெல்பியா அணியில் முதன்முதல் ஆடினார். 2008இல் உலகத் தொடரை வென்ற அவ்வணியில் அவரும் இருந்தார். 2002இல் 29ஆம் சுற்றில் தெரிவான எரிக் கிராட்ஸ், 2010இல் 30 வயதில் உச்சநிலையை எட்டி, 2020 வரை பல கழகங்களில் நிலைத்தார். ஏனைய இடங்களில் 28 வயதைக் கடந்த புதியவரைத் தேடுவது அரிது. பிடிப்பாளர் காயமடைதல் அடிக்கடி நிகழ்வது. அனுபவம் உள்ளவரை அவசரத்தில் உருவாக்கவும் இயலாது. எனவே இவ்வாயில் மிகக் குறுகியதாயினும், மிகப் பிந்தி அடைபடுவதாகும்.

இங்கேதான் ஒரு கடினமான உண்மையையும் நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். எறிவாளர் ஒவ்வொருவருக்கும் பயிற்சியின்போது பந்து பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமில் எறிவாளர் பலர் கூடுவதால், பிடிப்பாளரும் பலர் அழைக்கப்படுகின்றனர். ஆகவே ஒரு கழகம் ஒருவரை ஆண்டுதோறும் வைத்துக்கொள்வது, அவர்மேல் அது நம்பிக்கை வைத்திருப்பதற்குச் சான்றாகாது. பிறர் வளர்வதற்கு அவருடைய உழைப்பு வேண்டும் என்பதே சில வேளைகளில் அதன் பொருள். தாம் வளர்க்கப்படுகின்றாரா, அல்லது பயன்படுத்தப்படுகின்றாரா என்பதை அறிந்துகொள்வதே அத்தகையவருக்கு மிகக் கடினமானது. கழகத்தின் 40 பேர் கொண்ட பட்டியலில் தம் பெயர் இடம்பெறுகின்றதா என்பது அவருக்குக் கிடைக்கும் தெளிவான விடைகளுள் ஒன்று. பல பருவங்கள் கழிந்தும் அது இடம்பெறாதாயின், வேறு கழகம் தேடுவதா, வேறு தொழில் தேடுவதா என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவராவார்.

எனினும், முழுக் களத்தையும் பார்த்துப் பழகிய கண் வீணாவதில்லை. நான்கு முறை உலகத் தொடரை வென்ற பயிற்றுநர் புரூஸ் போச்சி, மேஜர் லீக்கில் மாற்றுப் பிடிப்பாளராகவே பெரும்பாலும் இருந்தவர். ஜோ மேடன் என்பவரோ பிடிப்பாளராகச் சிங்கிள் ஏ நிலையைத் தாண்டவேயில்லை. 1908க்குப் பின்னர் உலகத் தொடரை வெல்லாதிருந்த சிக்காகோ கப்ஸ் கழகம் 2016இல் அதை வென்றது அவரது வழிநடத்தலிலேயே. ஆட்டக்காரராக அடைய முடியாத அரங்கை, ஆட்டத்தை அறிந்தவராக அவர் அடைந்தார்.

மேடன் போன்றோர் சிலரே என்பது மெய். மேற்சொன்ன 240 பேரிற் பெரும்பாலோர் உச்சியையும் காணார், பயிற்றுநரும் ஆகார். ஆயினும் நாள்தோறும் கவசம் அணிந்து, பிறர் எறியும் பந்தை ஏந்தி, பிறரின் வெற்றிக்குக் குறிப்புக் காட்டும் அம்மனிதரின்றி அங்கே ஒரு பந்துதானும் எறியப்படுவதில்லை. ஓர் ஆட்டக்காரரின் வாய்ப்பை எண்களால் மதிப்பிடும்போது, அந்த உழைப்பையும் சேர்த்தே எண்ணுதல் நேர்மையாகும்.