தண்ணீரில் இறங்கிப் படித்த கவிதை
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலைக் கண்காட்சி என்றால் "தொடாதீர்கள்" என்று பலகை இருக்கும். 2017 தொடக்கத்தில் கொச்சி பியனாலேயில் நான் பார்த்தது வேறு. ஆஸ்பின்வால் ஹவுஸில் ஒரு பெரிய கூடம் முழுக்கக் கடல்நீர். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி நடந்தால்தான் எதிர்ச்சுவரில் இருக்கும் கவிதையைப் படிக்க முடியும். 'வலியின் கடல்' என்று பெயர். படைத்தவர் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா.

2015இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தைப் பார்த்து நாம் கலங்கினோம். உடன் மூழ்கி இறந்த அண்ணன் காலிப்பை யாரும் நினைக்கவில்லை. அவனுக்காகத்தான் அந்தத் தண்ணீர். கரையேறிய பிறகு வெகுநேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

யோசித்தால் இது நமக்குப் புதிதில்லை. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்ட மண் இது. அந்தக் கற்கள் தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். "இது யாருக்காக நட்டது?" என்று அவர்கள் கேட்கட்டும்.