பாலாறு ஓர் அமானிதம்



நம் தாமல் ஏரி மழை பொய்க்காத ஆண்டில் கடல்போல் விரிந்து கிடக்கிறது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே தங்கள் ரிஸ்கைத் தேடுகின்றன. இத்தகைய ஏரிகள் பலவற்றிற்கு நீரூட்டும் பாலாறு, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, 348 கிலோமீட்டர் பயணித்து, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். மணலுக்கடியில் ஊறும் நீரே கரையோரக் கிணறுகளை வாழவைக்கிறது.

அந்த நீரில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் உப்பும் குரோமியமும் கலந்தன. மாசுபடுத்தியவரே இழப்பீடு வழங்க வேண்டுமென 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் இதே ஆற்றுக்காக அது மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

சகோதரர்களே! இத்தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நம் சமுதாயத்தார் பலர் உள்ளனர். தோல் பதனிடுவது ஹலாலான தொழிலே. ஆனால், தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்து ஈட்டும் இலாபத்தில் பரக்கத் எப்படி இருக்கும்? தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த மார்க்கம் இது. அப்படியிருக்க, பறவையும் மீனும் அருந்தும் நீரைக் கெடுத்தவர் மறுமையில் என்ன பதில் சொல்வார்?

கழிவைச் சுத்திகரிக்காமல் ஒரு குடம்கூட வெளியே விடமாட்டோம் என உறுதி பூணுவோம். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.